வீடு பார்க்கப் போகும்போது உள்மனசை என்ன செய்வது?

"மனசு சொல்றதைக் கேளு, வாழ்க்கை நிறைவா இருக்கும்" என்று குட்மார்னிங் படத்தோடு வாட்ஸப்பில் தினமும் வந்து விழுகிறது. கேட்கலாம்தான். எந்த விஷயத்தில் கேட்பது என்பதை மட்டும் அந்தப் படம் சொல்வதே இல்லை.

பெங்களூரு சிட்டி மார்க்கெட்டில் பூ வியாபாரம் பார்க்கும் நம்ம ஆட்களைக் கவனியுங்கள். விடிவதற்கு முன்னாலேயே மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மல்லி அள்ளுவார்கள். மொக்கு இறுக்கமா இருக்கிறதா, தண்ணி தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்களா என்று உள்ளங்கையே சொல்லிவிடும். காரணம் கேட்டால் "வேணாம், சரியில்ல", அவ்வளவுதான் பதில். அந்த 'சரியில்ல'வைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வாங்கினது நல்ல பூவா என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும், வாடினால் நஷ்டமும் அன்றைக்கே. வருஷத்துக்கு 300 பரீட்சை, 300 மார்க். ஆனால் வரமகாலட்சுமி பூஜைக்கு முந்தின நாள் எத்தனை கிலோ எடுப்பது என்பது வருஷத்துக்கு ஒரே ஒரு பரீட்சை. அங்கே பழம் தின்று கொட்டை போட்டவருக்கும் கை தப்பலாம்.

அதே ஆள் ஊருக்கு வெளியே சர்ஜாபூர் பக்கம் சைட் (வீட்டு மனை) பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மண்ணுல கால் வச்சதுமே மனசு குளிர்ந்துபோச்சு" என்பார். அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு நாள்கூடப் பயிற்சி கிடையாது. சைட் வாங்குவது ஆயுசில் ஒரு தடவை, மிஞ்சினால் ரெண்டு. வில்லங்கம் வெளியே வர பத்து வருஷம்கூட ஆகலாம். ஏ கத்தாவா பி கத்தாவா (மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டில் முறையானதா, குறையுள்ளதா), விவசாய நிலமென்றால் மனையாக மாற்றிய கன்வெர்ஷன் ஆர்டர் இருக்கிறதா, ஈசி (வில்லங்கச் சான்று) எத்தனை வருஷத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் உள்ளங்காலுக்கு எப்படித் தெரியும்?

உளவியலாளர் டேனியல் கானெமன் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் வாங்கியவர். இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து அதன் பக்கம் நின்றவர். இந்த ரெண்டு பேரும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முடிவாக ஒத்துக்கொண்டது ரெண்டு நிபந்தனை: அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்பது சீக்கிரம் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். 'நான் ரொம்ப உறுதியா உணர்றேன்' என்பதற்கு அவர்கள் மார்க்கே போடவில்லை. உறுதி எல்லாருக்கும்தான் இருக்கிறது, ஏமாந்தவனுக்கும் சேர்த்து.

அப்படியானால் வாடகை வீடு பார்க்கும்போது மனசைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதா? வேண்டாம், அதைக் கடைசியில் பேச விடுங்கள். இதுவும் கானெமனின் வழிதான். 1955-ல், 21 வயசில், இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றியமைத்தார். ஆறு குணங்களுக்குத் தனித்தனியாக மார்க், அதற்கப்புறம்தான் கண்ணை மூடி 'இவன் எப்படிப்பட்ட சிப்பாயாக இருப்பான்' என்று ஒரு மார்க். பிறகு பார்த்தால் அந்தக் கண்மூடி மார்க்கும் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேலை செய்தது. முதலிலேயே மனசு பேசியிருந்தால் அந்த ஆறு மார்க்கும் அதற்குத் தாளம் போட்டிருக்கும்.

வீட்டுக்கு இப்படிச் செய்யலாம். தண்ணீர் (குழாயில் வரும் காவிரியா, போர்வெல் மட்டுமா, கோடையில் டேங்கரா), ஆபீஸ் போகும் நேரம், அட்வான்ஸ் எத்தனை மாசம், காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், வெளிச்சமும் காற்றும், ஓனர் பேசும் விதம். ஒவ்வொன்றுக்கும் 5 மார்க், மொத்தம் 30. அங்கேயே நின்று போனில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் மனசு ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருக்கும், மார்க்கெல்லாம் அதன் பக்கம் சாயும். எழுதி முடித்த பிறகு கண்ணை மூடி, ஜூலை மாச மழையில் ராத்திரி எட்டு மணிக்கு நனைந்துகொண்டே அந்த மாடிப்படி ஏறிப் பூட்டைத் திறப்பதாக நினைத்துப் பாருங்கள். அதற்கும் 5-க்கு ஒரு மார்க்.

கூட்டினால் 24, மனசு 2 என்றால் மனசு சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். வேறொரு நேரத்தில் இன்னொரு தடவை போங்கள். எதுவோ கண்ணில் பட்டிருக்கிறது, வாய்க்கு வரவில்லை. சிங்க் அடியில், பாத்ரூம் பக்கத்துச் சுவர் மூலையில் கை வைத்துப் பாருங்கள், புது பெயின்ட்டுக்கு அடியில் ஓதம் இருக்கலாம். கூட்டினால் 14, மனசு மட்டும் 5 என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்த்திருப்பீர்கள், எப்போதும் நெரியும் சில்க் போர்டு சிக்னல் காலியாக இருந்திருக்கும், ஓனர் வீட்டில் நல்ல காபி கொடுத்திருப்பார்கள். "இன்னும் ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்று புரோக்கர் சொன்னதும் வயிற்றில் ஒரு பதைப்பு வருமே, அதையும் உள்ளுணர்வு என்று எண்ணிவிடாதீர்கள். அது பறிபோய்விடுமோ என்ற பயம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

உள்மனசைப் பழக்க 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மனசுக்குப் பட்டது, எத்தனை சதவீதம் உறுதி, எந்தத் தேதிக்குள் தெரியும். 'ஏதோ தப்பா படுது' என்று எழுதிப் பிரயோஜனமில்லை. 'புது டீம்லீட் சொன்ன தேதிக்கு வேலையை முடிக்க மாட்டார், 70 சதவீதம், மாசக் கடைசி' என்று எழுத வேண்டும். 20 சேர்ந்ததும் ஆட்கள், பணம், வேலை என்று பிரித்து எண்ணுங்கள். ஆட்களில் கெட்டியாக இருப்பவர் பணத்தில் கோட்டை விடுவதை அங்கே பார்க்கலாம். நோட்டையும் ஏமாற்ற முடியும்: அவர் முடிக்க மாட்டார் என்று நினைத்து நாமே ஃபைலை லேட்டாகக் கொடுத்தால், நம் கணிப்பு பலிக்காமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ராத்திரி ஆட்டோவில் ஏறினதும், லிஃப்டில் ஒருத்தர் கூட நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தால் இறங்கிவிடுங்கள். தப்பாக நினைத்திருந்தால் போவது 50 ரூபாயும் பத்து நிமிஷமும். அவர் என்ன நினைப்பாரோ என்று அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.