பரீட்சை நேரத்தில் பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்

எங்க அக்கா மகள் எம்.பி.பி.எஸ். முதல் வருடம். பரீட்சை லீவுக்குப் படிக்கக் காரைக்குடி வந்திருந்தாள். ராத்திரி 3 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், விளக்கு எரிகிறது. அனாடமி புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. "நாலு தடவை படிச்சுட்டேன் அம்மான், ஒண்ணும் நிக்கல" என்றாள். கை நடுங்கியது.

புத்தகத்தை மூடச் சொன்னேன். ஆத்தா கோலம் போடும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கொடுத்து, கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலேயே வரையச் சொன்னேன். வேர் ஐந்து, தண்டு மூன்று, பிரிவு ஆறு வரை சரியாக வந்தது. அடுத்து வரும் கார்டு (நரம்பு வடம்) மூன்றில் தடுமாறினாள். தெரியாதது அவ்வளவுதான்! அதை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

நானும் இதே படிப்பைப் படித்தவன். விடிய விடிய விழித்துவிட்டுப் போய், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலும் வராமல் நின்றிருக்கிறேன். படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் ஒரு முக்கியப் பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. மாணவர்களுக்கே பாடமாக வரும் இதை அவர்களையே கடைப்பிடிக்க விடுவதில்லை நாம்.

அப்புறம் இந்த விசாரிப்பு. வீட்டுக்கு வருகிற ஆச்சிமார் எல்லாம் "டாக்டரம்மா எத்தனை மார்க்கு எடுப்பாக?" என்றுதான் தொடங்குகிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவள், 50 சதவீதம் வாங்குவதே பெரும்பாடாக இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள். ஒரு பேப்பர் போனாலும் சப்ளிமெண்டரி இருக்கிறது என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழுவின் 2024 அறிக்கையில், இணையவழி ஆய்வில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கும் மேல். பெரிய வீடும் வசதியும் இருக்கே, இவளுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், படிப்புப் பயம் என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. என் அக்கா மகளின் செல்போனில் நானே பதிந்து கொடுத்தேன்.

காலையில் ஆத்தா எழுந்து பார்த்து, வளவில் இருந்த படத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மதியம் வரை யாரையும் துடைக்க விடவில்லை.