அக்காவுக்குத் திறக்காத இணையதளம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு பதினொன்றரை இருக்கும். அக்கா கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அப்பா பெயரில் உள்ள ஓர் ஆவணத்தின் நகல் அவளுக்கு அவசரமாக வேண்டும். நம் ஊர் அலுவலகம் ஒன்றின் தளத்தில் பதிவெண்ணைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

"டேய், அந்த சைட்டு என்ன செத்துப்போச்சா? நாலு நாளா சுத்திக்கிட்டே இருக்கு."

நான் இங்கே திருச்சியில் என் போனில் திறந்தேன். உடனே திறந்தது. சரி, உன் திரையைக் காட்டு என்றேன். வெள்ளைப் பக்கம், மேலே சுற்றுகிற வட்டம். ஒரு நிமிடத்துக்கும் மேல் சுற்றிவிட்டு, தளத்தை அடைய முடியவில்லை என்று ஒரு வரி. கோளாறு தன் பக்கம்தான் என்று நினைத்து நாலு நாளாக அவள் என்னென்னவோ செய்திருக்கிறாள். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறாள். அலுவலக மடிக்கணினியில் முயன்றிருக்கிறாள். மாமாவின் போனில், பிறகு தோழி வீட்டில். எங்கேயும் அதே வெள்ளைப் பக்கம்.

சர்வர் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஐபி முகவரி என்பது இணையத்தில் நம் இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண். அது இந்திய முகவரியாக இல்லாவிட்டால் அந்தத் தளம் பதிலே அனுப்புவதில்லை. உனக்கு அனுமதி இல்லை என்றுகூடச் சொல்வதில்லை. வருகிறவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தானாகப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். நகலை நானே இறக்கி அக்காவுக்கு அனுப்பினேன். அவளுக்கு இங்கே ஒரு தம்பி இருக்கிறான், ஆயிற்று. அப்படி யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

வெளியுறவு அமைச்சகக் கணக்குப்படி வெளிநாடுகளில் வாழும் இந்தியர்களும் இந்திய வம்சாவளியினரும் சேர்ந்து சுமார் மூன்றரைக் கோடிப் பேர். இவர்களில் பலருக்கு இங்கே நிலம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், கட்ட வேண்டிய வரி இருக்கிறது. நம் பொதுத்துறைத் தளங்களை உள்ளூரில் உட்கார்ந்திருக்கும் நம்மைவிட அதிகமாகத் தேவைப்படுகிறவர்களே இவர்கள்தான். நாம் நேரில் போய்க் கேட்டுவிடலாம், அவர்களால் முடியாது. அவர்களைத்தான் வாசலிலேயே நிறுத்துகிறோம். இது தவறு என்று நான் நினைக்கிறேன். பாதுகாப்பு என்று சொல்லிச் செய்யப்படுவதால் இன்னும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஐபி முகவரியில் நாட்டின் பெயர் எழுதியிருக்காது. உலகம் முழுவதற்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்க ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் உண்டு. நம் பகுதிக்கானது ஏப்னிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. எந்த முகவரித் தொகுப்பு எந்த நாட்டு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அது தினமும் ஒரு கோப்பு வெளியிடுகிறது. பெயர் யாருடையது என்றுதான் அதில் இருக்கும். முகவரியைப் பயன்படுத்துகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இருக்காது. மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் இதோடு வேறு பல தடயங்களையும் சேர்த்துக் கணித்து ஒரு பட்டியலாகத் தருகின்றன. நாடு பார்த்துத் தடுக்கிற சர்வர்கள் நம்புவது இப்படி ஒரு பட்டியலைத்தான்.

நாடு அளவில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஊர், தெரு என்று இறங்கும்போதுதான் விபரீதமாகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்திருந்தது. 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு. அந்தப் புள்ளி இந்த வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமல் போனவர்கள் என்று எதைத் தேடினாலும் போலீஸ் அங்கே போய் நின்றது. பல வருடங்கள் அந்தக் குடும்பத்துக்குக் காரணமே தெரியவில்லை. 2016-இல் கஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தினார்கள்.

அக்காவின் கதைக்கு வருவோம். அவளுடைய முகவரி கனடா என்பது சரியான கணிப்புதான். ஆனால் கனடா முகவரி என்பதால் அவள் அந்நியள் ஆகிவிடுவாளா? இதே அக்கா போன வருடம் இங்கே வந்திருந்தபோது அம்மாவின் சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டு இதே தளத்தைப் பார்த்தாள். அப்போது எந்தத் தடையும் இல்லை. நான் சிங்கப்பூர் போயிருந்தபோது இன்னொன்று பார்த்தேன். ரோமிங்கில் நம் ஊர் சிம்மோடு இருந்தவரை எல்லாத் தளமும் திறந்தது. ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் நம் ஊர் நிறுவனம் வழியாகவே சுற்றிவரும், அதனால் முகவரியும் இந்திய முகவரியாகவே இருக்கும். செலவைக் குறைக்கலாம் என்று அங்கேயே ஒரு சிம் வாங்கிப் போட்டேன், அந்த நிமிடமே நான் வெளிநாட்டான். ஆள் அதே ஆள், கையிலிருக்கும் போனும் அதே போன்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 2000-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் யாஹூ மீது ஒரு வழக்கு நடந்தது. யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிச் சின்னங்கள் விற்பனைக்கு இருந்தன, பிரான்சில் அது குற்றம். பிரான்சிலிருந்து வருகிறவர்களை மட்டும் தடுக்க முடியுமா என்று நீதிமன்றம் மூன்று நிபுணர்களைக் கேட்டது. அதில் ஒருவர் வின்ட் செர்ஃப், இணையத்தின் அடிப்படை நெறிமுறையையே உருவாக்கியவர்களில் ஒருவர். ஐபியை மட்டும் வைத்து சுமார் 70 சதவீதம் பேரைத்தான் அடையாளம் காணலாம், எந்த நாட்டவர் என்று அவர்களிடமே கேட்டால் 90 வரை போகலாம் என்றது அறிக்கை. பிரான்சில் இருந்துகொண்டு ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் வழியாக வருகிறவர்களின் முகவரி அமெரிக்காவின் வர்ஜீனியா என்று காட்டும் என்பதையும் அதில் சொல்லியிருந்தார்கள். நவம்பர் 20 அன்று நீதிபதி அது போதும் என்று சொல்லித் தடுக்க உத்தரவிட்டார். ஒரு சட்டம், ஒரு வகைப் பொருள், இரு தரப்பையும் விசாரித்துவிட்டு ஓர் உத்தரவு. அந்தத் தீர்ப்பு சரியா என்று பேச நிறைய இருக்கிறது. ஆனால் இன்று அதே காரியத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சர்வர் பேனலில் நாட்டின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டால் முடிந்தது.

அந்த டிக்கை நானும் போட்டவன்தான். 2019-இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. முதல் வாரமே ஒருநாள் இரவு லாகை, அதாவது யார் யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை, திறந்து பார்த்தேன். நிர்வாகியின் லாகின் பக்கத்தில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வரி வரியாக ஓடுகிறது, ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு நாட்டு முகவரி. பயமாக இருந்தது. இந்தியா தவிர எல்லா நாட்டையும் மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் லாக் அமைதியாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

திருவிழாவுக்குப் பதினைந்து நாள் முன்பு தர்மகர்த்தா ஐயா கூப்பிட்டார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர் அவருக்குப் போன் செய்திருக்கிறார். காப்புக்கட்டு என்றைக்கு என்று பார்க்கப் போனால் தளம் திறக்கவில்லை, டிக்கெட் போட வேண்டும், கோயிலில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டிருக்கிறார். "தம்பி, நம்ம பங்காளிங்க பாதிப் பேரு அங்கதானே இருக்காங்க. அவங்க பாக்கணும்னுதானே இதை ஆரம்பிச்சதே" என்றார் ஐயா. அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று தலைமுறைக்கு முன்னால் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், குலதெய்வத்தைத் தேடி வருகிறார்கள். அவர்களை நான் ஒரு டிக்கில் வெளியே நிறுத்தியிருந்தேன்.

இதில் முக்கியமான விஷயம், அந்தத் தடை தாக்குதலையும் நிறுத்தவில்லை. சில வாரங்களிலேயே பாஸ்வேர்டு முயற்சிகள் மறுபடி வந்தன, இந்த முறை இந்திய முகவரிகளிலிருந்து. மும்பையில் மணிக்கணக்கில் வாடகைக்கு சர்வர் கிடைக்கிறது, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எடுக்கலாம். நம் வீடுகளில் இருக்கும் பழைய ரவுட்டர்களும் கேமராக்களும் வைரஸ் பிடித்து யார் சொன்னாலும் வேலை செய்கின்றன. உள்ளே வர நினைக்கிறவனுக்கு ஓர் இந்திய முகவரி வாங்குவது பெரிய காரியமே இல்லை. கடைசியில் எது உதவியது என்றால், ஐந்து முறை தப்பாகப் போட்டால் சற்று நேரம் பூட்டிவிடும் அமைப்பு, லாகினுக்கு இரண்டாவது ஒரு குறியீடு, இரண்டு வருடமாகப் புதுப்பிக்காமல் கிடந்த பிளகின்களை (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களை) புதுப்பித்தது. நாட்டுத் தடையை எடுத்துவிட்டேன். தளத்துக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

இனி விபிஎன் விஷயம். நம் இணைப்பை வேறு ஒரு நாட்டு சர்வர் வழியாகச் சுற்றிவிட்டு, அந்த நாட்டு முகவரியைக் காட்டும் சேவை அது. இதைத்தான் அதிகாரிகள் யோசித்தே பார்ப்பதில்லை என்று தோன்றுகிறது. தளம் திறக்காவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். யாராவது ஒரு இலவச விபிஎன்னைச் சொல்கிறார்கள். ஆப்பை இறக்கி, இந்தியா என்று தேர்ந்தெடுத்து, அதன் வழியாகப் போய் பான் எண், ஆதார் எண், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் போடுகிறார்கள். அந்த ஆப் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாலும் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். பாதுகாப்புக்காகப் போட்ட தடை, நம் மக்களைக் கொண்டுபோய் அங்கே விடுகிறது.

நல்ல பெயருள்ள விபிஎன்னாகப் பார்த்து வாங்கட்டுமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் அதற்குப் பதிலாக சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வர் வைத்து அதற்கு இந்திய முகவரி கொடுத்தது. ஆக, சிங்கப்பூரில் இருக்கும் ஓர் இயந்திரம் இந்தியாவாகக் கணக்கில் வருகிறது, அதன் வழியாக வருகிறவருக்கு நம் தளங்கள் திறக்கின்றன. கனடாவில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரி நேராக வந்தால் திறப்பதில்லை.

எல்லா நாட்டுத் தடையும் தப்பு என்று நான் சொல்லவில்லை. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது, அது வியாபார ஒப்பந்தம், அதை விடுங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் வெளிநாட்டிலிருந்து தங்கள் தளங்களைப் பார்ப்பதைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தின. தாக்குதல் வரலாம் என்ற நேரத்தில் சில நாள் அப்படிச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காரணமும் இருந்தது, வெளியேயும் சொன்னார்கள். ஆனால் எந்த நெருக்கடியும் இல்லாத காலத்தில், யார் எப்போது ஏன் போட்டார்கள் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் கிடக்கும் தடைகள் வேறு ரகம். போட்டவர் மாறுதலாகிப் போயிருப்பார். அடுத்து வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளூரில் இருந்து பார்க்கும் யாருக்கும் தளம் ஒழுங்காகத்தான் தெரியும். பாதிக்கப்பட்டவருக்கோ புகார் கொடுக்கும் பக்கமும் அதே தளத்துக்குள்தான் இருக்கிறது!

தனியார் நிறுவனங்கள் இதைவிட மோசமாகவும் செய்திருக்கின்றன. 2018 டிசம்பரில் அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கின் நிறுவனம், ஈரான் போன்ற நாடுகள் மீது அமெரிக்கா விதித்த பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டிப் பலருடைய கணக்குகளை மூடியது. அவர்களில் சிலர் எப்போதோ ஒரு முறை ஈரானுக்குப் போய் அங்கிருந்து லாகின் செய்தவர்கள், அவ்வளவுதான். பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தவறாக மூடிய கணக்குகளைத் திறந்துவிட்டது. முகவரியை வைத்து ஆளை முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. படிக்க மட்டுமே உள்ள பக்கங்களை எல்லா நாட்டுக்கும் திறந்து வையுங்கள். விதிமுறை, படிவம், தேதி, தொலைபேசி எண், இதையெல்லாம் மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்? நிர்வாகிகள் லாகின் செய்யும் பக்கத்தை வேண்டுமானால் நாடு என்ன, அலுவலகத்தின் முகவரிக்கு மட்டும் என்றுகூட மூடிக்கொள்ளுங்கள். அங்கே இந்தத் தடுப்பு உண்மையிலேயே பயன்படும். பொதுமக்கள் லாகின் செய்யும் இடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள், ஓடிபி கேளுங்கள். (அந்த ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கும் போக வேண்டும். அது தனிக் கொடுமை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) தடுத்தே ஆக வேண்டும் என்றால், தடுத்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் காட்டுங்கள். காரணத்தையும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அதில் போடுங்கள். சட்டக் காரணத்துக்காகத் தடுக்கிறோம் என்று சொல்ல 451 என்று ஒரு குறியீடே 2016-இல் இணையத் தரமாக வந்துவிட்டது. அக்காவுக்கு அந்த ஒரு பக்கம் வந்திருந்தால் நாலு நாள் வைஃபை பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டாள், முதல் நாளே என்னைக் கூப்பிட்டிருப்பாள்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் ஓர் உதவி செய்யுங்கள். உங்களுக்கு எந்த அரசுத் தளம் திறக்கவில்லை, எந்த நாட்டிலிருந்து பார்த்தீர்கள், என்ன தேதி, திரையில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். முடிந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். அதில் உங்கள் பான் எண்ணோ ஆதார் எண்ணோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு தளத்தையும் இங்கிருந்தும் வெளியிலிருந்தும் சோதித்துப் பார்த்து, துறைவாரியாகப் பிரித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறோம். தடை யாருடைய உத்தரவில், எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி. அக்காவுக்குத் திறக்காத அந்தத் தளத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை தபாலில் போகிறது.