இரவு 11 மணி வரை சத்தம் போடலாம் என்பது தவறு

"பினாங்கில் ராத்திரி 11 மணி வரை எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் கேட்க முடியாது, அப்புறம் போலீஸ் மட்டும்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 80ஆவது பிரிவு, பொதுத் தொல்லைகளை அகற்றுவதை மாநகர் மன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 11 மணி வரை விலக்கு என்று அதில் எதுவும் இல்லை. பகல் 3 மணிச் சத்தத்துக்கும் புகார் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டியிலோ 'இரவு' என்பது 10 மணிக்கே தொடங்கி காலை 7 வரை நீள்கிறது. அந்த நேரத்துக்கு ஒலி வரம்பு இன்னும் குறைவு.

அடுக்குமாடி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின்படியும் அதன் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படியும், மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்கும் குடியிருப்பாளருக்கு நிர்வாகக் குழு 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். எங்கள் மாடியில் கரோக்கே சத்தத்தால் ஒரு பாட்டி பல மாதம் தூக்கமில்லாமல் தவித்தார். இந்த விதி தெரியாததால் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது எல்லாவற்றையும் குறித்து வைத்து எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மிரட்டல், கைகலப்பு என்று போனால் உடனே போலீசைக் கூப்பிடுங்கள்.