வெட்கத்துக்குச் சூரணம் விற்கிறார்கள்

இரவு பதினொரு மணிக்குப் பிறகு டிவியில் 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்தும் வைத்தியர்களைக் கொழும்பு வெள்ளவத்தையில் பார்க்காத வீடு குறைவு. இப்போது அதே வியாபாரம் யூடியூபில் 'போர்ன் அடிக்‌ஷன்' (ஆபாசப் படத்துக்கு அடிமையாதல்) என்ற பெயரில் நடக்கிறது. எப்போதாவது போனில் எதையோ பார்த்துவிட்டுக் குற்ற உணர்வில் கரைகிற பெடியனும், வேலையையும் குடும்பத்தையும் தொலைத்த மனிதரும் இவர்களுக்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் ஒரே சூரணம்!

உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இருக்கிறது, அதாவது தன் பாலியல் உந்துதலைத் தன்னாலேயே கட்டுப்படுத்த முடியாமல் போவது. ஆனால் போதைப் பழக்கங்களோடு இல்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு. எத்தனை தரம் என்ற கணக்கே அதில் கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, விட முயன்றும் முடியாமல், உறவோ வேலையோ உடம்போ கெட்டும், சில வேளை சுகமே இல்லாமல் போன பிறகும் தொடர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை: 'நான் செய்வது பாவம்' என்ற மனவேதனை மட்டும் இருந்தால் அது இந்தக் கோளாறு ஆகாது.

என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸின் ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஒருவர் தன்னை அடிமை என்று நம்புவதில், எவ்வளவு பார்க்கிறார் என்பதோடு, அதை எவ்வளவு பாவமாக நினைக்கிறார் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. கோயிலும் சேர்ச்சும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற கொழும்பில் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. உண்மையிலேயே கட்டுப்பாட்டை இழந்தவருக்கு உளவியல் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மனநல வைத்தியர் மருந்தும் தருவார். ஆனால் அப்படிக் கட்டுப்பாட்டை இழந்தவர்தான் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை.

வழமைக்கு மாறான பாலியல் ஆசைகளும் அப்படித்தான்: வெட்கம் வேறு, நோய் வேறு. கனடாவின் கியூபெக்கில் 1,040 பேரிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் அப்படி ஒன்றிலாவது ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். வளர்ந்த இருவர் சம்மதித்துச் செய்வதை, அதனால் கடும் மனவேதனையோ காயம், உயிர் ஆபத்தோ இல்லாவிட்டால், ஐசிடி-11 நோய் என்று சொல்வதில்லை.

சம்மதம் இல்லாதபோதுதான் பிரச்சினை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில், நெரிசலைச் சாட்டாக வைத்துப் பெண்களை உரசுகிறவனை எடுங்கள். சம்மதிக்காதவரை உரசும் இச்சை நீடித்தால் அதற்கு அந்தப் பட்டியலில் தனிக் கோளாறே உண்டு. நோயோ இல்லையோ, இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவுப்படி அது குற்றம். ஆனால் பஸ்ஸில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால், 'தள்ளி நில்லும் தங்கச்சி' என்று அவளுக்குத்தான் சொல்கிறோம்.