ஓடிபி சொல்லாமலே பணம் போகும் வழி

சீசனுக்கு ஊட்டி வருகிறவர்களுக்கும், இங்கே ஓட்டல், காட்டேஜ் நடத்துகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க" என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிரெடிட் கார்டு விஷயத்தில் அது பாதி வேலிதான். நம் நாட்டுத் தளங்களில் கார்டு எண்ணைப் போட்டால் ஓடிபி கேட்கும்; வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கேட்காது. 16 இலக்க எண், எக்ஸ்பைரி தேதி, பின்பக்கத்து 3 இலக்க சிவிவி, இவ்வளவு கிடைத்தால் அங்கே பணம் எடுத்துவிடலாம்.

மலையில் இந்த மூன்றும் கைமாறச் சாக்கு, டவர். பில் வந்ததும், "இங்க டவர் எடுக்காதுங்க, வெளியே போய் தேச்சுட்டு வர்றேன்" என்று கார்டை வாங்கிக்கொண்டு போவார்கள். சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஸ்வைப் மெஷினுக்குள் இருப்பதும் ஒரு சிம் கார்டு. அவலாஞ்சி, குந்தா பக்கமெல்லாம் அது திணறும். ஆனால் கார்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடிக்கப் பத்து வினாடி போதும். எழுந்து கூடவே போங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர்களும் டவர் கிடைக்கிற இடத்தில் மெஷினை வைத்து, வாடிக்கையாளரை அங்கே கூப்பிடுங்கள். நாளைக்கு எங்கோ பணம் போனால் உங்கள் கடைப் பையன் மேல் பழி விழாது.

சிவிவியை மனப்பாடம் செய்துகொண்டு, அதன் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சிப்பையும் கறுப்புப் பட்டையையும் மறைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது வங்கி ஆப்பில் இருக்கிறது. கார்டு கன்ட்ரோல் அல்லது மேனேஜ் கார்டு என்று இருக்கும். அதில் இன்டர்நேஷனலை அணைத்துவிடுங்கள். இந்த வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020லேயே சொல்லிவிட்டது. எப்போதோ ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டத் திறந்துவிட்டு அப்படியே மறந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அதே பக்கத்தில் ஆன்லைன் லிமிட்டையும் குறையுங்கள். 2 லட்சம் லிமிட் உள்ள கார்டுக்கு அன்றாடம் 10,000 போதும். கார்டை மெஷின் மேல் காட்டி டேப் செய்தால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. தேவையில்லை என்றால் அதையும் அணைக்கலாம்.

அலர்ட்டை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் விடாதீர்கள். டவர் இல்லாத இடத்தில் மெசேஜ் மணிக்கணக்கில் தேங்கி, மேட்டுப்பாளையம் இறங்கியதும் மொத்தமாக வந்து விழும். இமெயில், ஆப் அலர்ட் இருந்தால் காட்டேஜ் வைஃபையிலேயே வந்துவிடும். 1 டாலர், 80 ரூபாய் என்று புரியாத சிறு தொகை வந்தால் அலட்சியம் வேண்டாம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் தட்டிப் பார்ப்பது அப்படித்தான். பெரிய தொகை பின்னாலேயே வரும்.

பணம் போய்விட்டது என்றால் முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள். அப்புறம் கார்டின் பின்பக்கத்து எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் சேமியுங்கள். பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் தேடினால் இன்னொரு திருடன் எடுப்பான். அடுத்தது 1930, சைபர் குற்றப் புகார் எண். வங்கிக்கு ஒரு இமெயிலும் அனுப்புங்கள், நேரத்தோடு பதிவாகட்டும்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் வெளியே எங்கோ கசிந்திருந்தால், அலர்ட் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். நீங்களே ஓடிபியோ பின் நம்பரோ கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் நஷ்டம். அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கவுன்டரில் இதை மாற்றிச் சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.