இயேசு படம் இருந்தால் அது ஒட்டோ காலத்து விருது அல்ல

கிரேக்க நாட்டின் 'மீட்பர் விருது' (Order of the Redeemer; மீட்பர் என்றால் இயேசு) என்ற சிலுவை வடிவப் பதக்கம் ஒன்றைப் பற்றி மேலே ஒருவர், "நடுவில் இயேசு உருவம் இருக்கிறது, ஆகவே இது 1833-ல் ஒட்டோ மன்னர் வழங்கிய அசல் மீட்பர் விருது" என்று எழுதியிருக்கிறார். நேர்மாறாகச் சொல்லிவிட்டார். கிரேக்கத்தின் இந்த விருதை 1833-ல் நிறுவியவர் ஒட்டோதான், அது சரி. ஆனால் அவர் காலத்துச் சிலுவையின் நடுவட்டத்தில் ஒரு பக்கம் இருந்தது அவருடைய முகம்தான். பெயர் மீட்பர், படம் மன்னர்! 1862-ல் அவரை நாட்டை விட்டே அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு இயேசு வந்தார்.

அப்புறம், சிலுவைக்கு மேலே கிரீடம் இருக்கிறதா பாருங்கள். முடியாட்சி ஒழிந்தபின், 1975-லிருந்து வந்தவற்றில் கிரீடம் கிடையாது. ஆக, இயேசுவும் கிரீடமும் சேர்ந்திருந்தால் 1863-க்குப் பிந்தைய மன்னராட்சி வடிவம்.

சிலுவையின் வெள்ளைக் கரங்களில் இருப்பது 'பெயின்ட்' என்று அவர் சொன்னதும் தவறு. அது எனாமல்: கண்ணாடித் தூளை உலோகத்தின் மேல் இட்டு உலையில் உருக்கி ஒட்டவைப்பது. கீழே விழுந்தால் சில்லாகப் பெயரும். கரங்களின் கூர்முனைகளையும் பச்சை இலை மாலையின் ஓரத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதலில் அடிபடுவது அங்கேதான்.