கேள்வியை என்னிடம் கேட்டிருக்கலாம்

பேரிடர் நேரத்தில் ஊருக்கே தடுப்பு மாத்திரை கொடுக்கும் முகாமுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒத்திகையில், நோயாளியாக நடிக்கப் போன என்னை வைத்து எடுத்த அந்தப் படத்தில் இதுவரை 40 பேருக்கு மேல் என் பெயரை இணைத்துவிட்டார்கள். வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. "நல்ல காரியம் செய்தவர்களை இப்படிப் பொதுவில் சங்கடப்படுத்தலாமா" என்று உள்பெட்டியில் வந்து கேட்டவர்களுக்கும் நன்றி. நடந்தது என்னவென்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு மரியாதை போதவில்லை என்பதற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. மரியாதைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. ஆகவே மூன்றாம் மேசையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த மேசையில் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பெண் இருந்தார். இருபது வயது இருக்கலாம். கையில் அட்டையில் செருகிய படிவம். என் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் எழுந்து நின்று புன்னகைத்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்து, வாசல் படியில் நாற்காலியை ஏற்றிவிடுவதற்காக மட்டும் என்னுடன் வந்திருந்த என் தம்பியிடம், "இவங்களுக்கு டாக்ஸிசைக்ளின் அலர்ஜி இருக்கா?" என்று கேட்டார். முகாமில் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை அது. "அது அக்காவுக்கு ஒத்துக்காதுங்க" என்றான் அவன். பல வருடங்களுக்கு முன் வெறும் வயிற்றில் அதை விழுங்கி நான் வாந்தி எடுத்தது அவன் நினைவில் இருக்கிறது. வாந்தி வேறு, ஒவ்வாமை வேறு என்பது அவனுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. படிவத்தில் ஒரு டிக் விழுந்தது. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்பது அடுத்த கேள்வி. "கால் இழுப்புக்கு ஏதோ சாப்பிடுவாங்க, பெருசா ஒண்ணும் இல்லைங்க." நான் "டிசானிடின்" என்றேன். அந்தப் பெண் குனிந்து, மிகவும் கனிவாக, "ஒரு நிமிஷம்மா, அவங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் முடியவேயில்லை. டாக்ஸிசைக்ளின் ஆகாது என்று டிக் விழுந்துவிட்டதால் படிவம் அதன் வழியில் என்னைச் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற மாற்று மாத்திரைக்கு அனுப்பியது. முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டு, தசை இறுக்கத்துக்காக டிசானிடின் எடுத்துக்கொள்பவருக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுக்கவே கூடாது. அது உடலில் டிசானிடின் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். இரத்த அழுத்தம் சரிந்து, எழுப்ப முடியாத அளவுக்கு மயக்கம் வரலாம். இது நான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த இரகசியம் இல்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த படிவத்திலேயே, இரண்டாம் கேள்விக்குக் கீழே, சிறிய எழுத்தில் டிசானிடினின் பெயர் அச்சாகியிருந்தது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவருக்கு இரண்டடி முன்னால், கொஞ்சம் தாழ்வான உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். கேள்வியை என்னிடம் கேட்டிருக்கலாம்.

"ஒத்திகைதானே, உறைக்குள் மருந்தா இருந்தது?" என்று ஒருங்கிணைப்பாளர் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், வெற்று உறை. ஒத்திகையை எதற்கு நடத்துகிறோம்? தவறு நடந்தால் அது வெற்று உறையோடு போகட்டும் என்பதற்குத்தானே? தவறு நடந்திருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பதிவு செய்துகொண்டு திருத்துங்கள் என்றுதான் அன்று மாலையே சொன்னேன். அதற்குக் கிடைத்த பெயர் "எதிர்மறை மனப்பான்மை".

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், என் கோபம் அந்தப் பெண் மீது இல்லை. அவருக்கு எவ்வளவு நேரம் பயிற்சி கொடுத்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். அன்று காலையில்தான், 40 நிமிடம். அதில் எங்களுக்கென்று ஒரே ஒரு ஸ்லைடு, சக்கர நாற்காலிப் படத்துடன்: "மாற்றுத்திறனாளிகளிடம் அன்பாக நடந்துகொள்ளவும்." அந்தப் பெண் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். அன்பாகத்தான் நடந்துகொண்டார். எங்களைக் குறிக்கும் சொல்லை எத்தனையோ முறை மாற்றிவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் முன்பைவிட மரியாதையான சொல்லாகத்தான் வைத்தார்கள். அந்த மரியாதைக்குரியவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்கலாம் என்பதை மட்டும் யாரும் எந்தப் பயிற்சியிலும் சேர்க்கவில்லை.

இந்த முகாம்கள் எதற்கென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்த்ராக்ஸ் போன்ற ஒரு கொடிய பாக்டீரியாக் கிருமி பரப்பப்பட்டால், நோய் வருவதற்கு முன்பே ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்தாக வேண்டும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடிதங்கள் வழியாக ஆந்த்ராக்ஸ் பரப்பப்பட்டபோது 22 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். ஆனால் தடுப்பு மருந்தை 60 நாள் சாப்பிடச் சொல்லி அறிவுறுத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அதன் பிறகு அந்நாட்டின் பெருநகரங்கள் 48 மணி நேரத்துக்குள் மொத்த மக்களுக்கும் மருந்து கொடுத்து முடிக்க வேண்டும் என்ற இலக்கோடு திட்டமிடத் தொடங்கின. இவ்வளவு பேருக்கு இவ்வளவு வேகத்தில் கொடுக்க மருத்துவர்களும் செவிலியர்களும் எங்கும் போதமாட்டார்கள் என்பதால்தான் தன்னார்வலர்கள், அதனால்தான் நான்கைந்து கேள்விகளில் முடியும் படிவம். மருத்துவம் படிக்காத ஒருவர் சரியான மருந்தை எடுத்துக் கொடுப்பதற்காகவே வடிவமைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது: பதில் சொல்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே உடனே ஒரு குரல் வரும் என்று தெரியும். "அவசர நேரத்தில் ஒவ்வொருவருக்கும் இப்படித் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" நான் கேட்பது தனிக்கவனிப்பு இல்லை ஐயா. பார்வையை ஓரடி தாழ்த்தி, அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், என்னிடம் கேட்பதுதான். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் எவ்வளவு என்று கடிகாரம் வைத்து யாராவது அளந்து சொன்னால் திருத்திக்கொள்கிறேன். தம்பியிடம் கேட்டு, அவன் யோசித்து, தப்பாகச் சொல்லி முடிக்க ஆன நேரத்தைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்த குரல், "உடன் வருபவர் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களும் உண்டே?" உண்டு. அவர்களிடமும் முதலில் நேரே பேசிவிட்டு, "உங்கள் சார்பில் இவர் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவர் பக்கம் திரும்புங்கள். அவ்வளவுதான், இதை இழுக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது குரல்தான் என்னை அதிகம் வருத்தியது, ஏனென்றால் அதைச் சொன்னவர் நண்பர். "காசு வாங்காமல் வந்து வேலை செய்கிற பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" காசு வாங்காததால் கொடுக்கும் மருந்தின் வீரியம் குறைந்துவிடுமா? இலவசமாகக் கொடுத்தாலும் சிப்ரோ சிப்ரோதான். அந்தப் பிள்ளைகளை அரைகுறைப் பயிற்சியோடு மேசையில் உட்கார வைத்தவர்களைத்தான் நான் கேட்கிறேன். நாளை உண்மையான முகாமில் இதே தவறு நடந்து, ஒருவர் மயங்கி விழுந்தால், அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கப் போவது ஸ்லைடு தயாரித்தவரா, அந்த இருபது வயதுப் பெண்ணா?

எனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு முதல் வருடம் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் பெருமூளை வாதம் உள்ள ஒருவரைப் பார்க்க வந்த அவருடைய அண்ணன் எனக்கும் பழக்கமானார். அந்த அண்ணனுக்கும் அதே பாதிப்பு. அவர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, "நான் இப்போது என்ன சொன்னேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. "புரியவில்லை என்றால் இன்னொரு தரம் கேளுங்கள், எனக்கு அவசரம் இல்லை" என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், பிறர் எனக்குச் செய்தால் பொங்கியெழும் அதே காரியத்தை நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். நல்ல மனது இருந்தால் போதும், தானாக வந்துவிடும் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கே தானாக வரவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

சொல்லிக் கொடுக்க வேண்டியது மலையளவு ஒன்றுமில்லை. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கைக்குச் சற்று மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அரையடி முன்னால் நடப்பதை இரண்டு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பழகினால் போதும், உடம்பே நினைவில் வைத்துக்கொள்ளும். சக்கர நாற்காலி என்பது என் உடம்பின் தொடர்ச்சி, கேட்காமல் பின்னாலிருந்து தள்ளினால் என் தோளைப் பிடித்துத் தள்ளியது போலத்தான் இருக்கும் என்பதை ஒரே ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து தள்ளப்பட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. காது கேளாதவரிடம் பேசும்போது சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பது, மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் எழுதிக் காட்டுவது, படம் போட்ட ஓர் அட்டையை மேசையிலேயே வைத்திருப்பது, இவையெல்லாம் அந்த 40 நிமிடத்துக்குள்ளேயே அடங்கக்கூடியவை. இதைச் சொல்லிக் கொடுக்க நாங்களே வந்திருப்போம். யாரும் கூப்பிடவில்லை. "நோயாளியாக நடிக்க" மட்டும் கூப்பிட்டார்கள்.

அன்று என் தோழி ஒருத்தி, காது கேளாதவள், 50 நிமிடம் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் எண்ணை ஒலிபெருக்கியில் மட்டும் கூப்பிட்டார்கள். எழுதிக் காட்டும் பலகை சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது, சாக்பீஸும் இருந்தது. அவளைத் தாண்டிப் போன ஒவ்வொரு தன்னார்வலரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளும் பதிலுக்குப் புன்னகைத்தாள். அவள் எண் 31. நான் போய்த் தோளைத் தட்டியபோது 58ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருந்தைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்ற நினைப்பும் அந்த ஒரு ஸ்லைடிலிருந்து வந்ததுதான். டாக்ஸிசைக்ளினை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். இதை எல்லோருக்கும் கடகடவென்று ஒப்பித்தார்கள். மாலை ஆறு மணிக்கு உதவியாளர் வந்து படுக்க வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை தானாக எழ முடியாத ஒருவருக்கு அந்தக் குறிப்பின் பொருள் வேறு. அவர் இரவு மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்குவது என்று அந்த மேசையிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். மாத்திரையை விழுங்கவே முடியாதவருக்கு எப்படிப் பொடித்துக் கலப்பது என்று சொல்ல வேண்டும். வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவரையும், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவரையும் அடையாளம் கண்டு மருந்தாளுநரிடம் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கும் சிப்ரோ ஆபத்தாகலாம். இவை எதையும் தன்னார்வலர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உரிய ஆளிடம் கேட்டு, சொன்ன பெயரை அப்படியே எழுதி, சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினால் போதும். நான் பெயரைச் சொன்னேன், எழுதவில்லை.

"உங்களுக்கென்று தனி வரிசையே வைத்திருந்தோமே" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆமாம், மண்டபத்தின் பின்புறம், சரிவுப் பாதை முடியும் இடத்தில், ஒரு நாற்காலியும் ஒரு பலகையும். அங்கே ஆள் இல்லாததால்தான் நான் மூன்றாம் மேசைக்கே வந்தேன். நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கு விரைவு வரிசை நல்லது, அவர் விரும்பினால். விரும்பாதவரையும் அங்கே ஒதுக்கிவிட்டு மற்ற மேசைகளுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை என்று முடிவு செய்துகொள்வதற்குப் பெயர் வசதி இல்லை. 2006ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 11ஆம் பிரிவு பேரிடர் காலப் பாதுகாப்புக்காகவே எழுதப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக மக்களில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். ஆறில் ஒருவரைப் பின்வாசலில் ஒரு நாற்காலி போட்டுச் சமாளிக்கலாம் என்ற தன்னம்பிக்கையை என்னவென்று சொல்வது?

சரி, படத்துக்கு வருகிறேன். வெளியே வரும் வழியில் கடைசி மேசையில் உறையைத் தம்பியின் கையில் கொடுத்தார்கள், அவன் அதை என் மடியில் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான். அப்போது யாரோ "ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள், அவனிடம்தான். அவன் சரி என்றான். ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்றன. படத்துக்கு மேலே "மன உறுதிக்கு எல்லை இல்லை; நாங்கள் யாரையும் விட்டுவிடவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். எல்லோரும் நன்றாகச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துத்தான் இருக்கிறேன். அதை நீக்கச் சொல்லிச் சிலர் எனக்காகப் பரிந்து எழுதுகிறீர்கள், தயவுசெய்து வேண்டாம், அப்படியே இருக்கட்டும். விரலால் பெரிதாக்கி என் மடியை மட்டும் பாருங்கள், உறையின் மேல் ஒட்டிய சீட்டில் மருந்தின் பெயர் தெளிவாகத் தெரிகிறது.